கடினமும் உழைப்பும்: லித்தியம் அயனி மின்கலத்தின் காப்புப் படலம்

லித்தியம் அயனி மின்கலத்தை ஆலையில் கட்டி, மின்பகுளியை நிரப்பி, முதல்முறை சார்ஜ் ஏற்றும்போது எதிர்முனைக்குள் போகும் லித்தியத்தில் 5 முதல் 10 விழுக்காடு திரும்பி வருவதில்லை. அது கிராஃபைட் துகள்களின் மேற்பரப்பில் மின்பகுளியோடு வினைபுரிந்து, சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை தடிப்புள்ள படலமாகப் படிந்துவிடுகிறது. மின்கலம் வாழ்வதற்கு முதல் நாளே கொடுக்க வேண்டிய விலை அது. சார்ஜ் ஏறிய கிராஃபைட், லித்திய உலோகத்தைவிட ஏறத்தாழ 0.1 வோல்ட் மட்டுமே மேலே நிற்கிறது. மின்பகுளியிலுள்ள கார்பனேட் கரைப்பான்களோ 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு சிதையத் தொடங்கும். இரண்டும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சிதைவு நிற்கவே நிற்காது. நடுவில் அமர்ந்த படலம் லித்தியம் அயனிக்கு வழிவிட்டு எலக்ட்ரானை மறிப்பதால்தான் நம் கையிலுள்ள செல்பேசி வேலை செய்கிறது.

படலம் முழுமையாக இருக்கும்வரை கவலையில்லை. அதில் விரிசல் விழுந்தால் அடியிலுள்ள வெற்றுப் பரப்பு மின்பகுளிக்கு முகம் காட்டும்; மின்பகுளி அங்கே சிதையும்; புதுப் படலம் வந்து விரிசலை அடைக்கும். காய்ச்சிய பாலில் ஆடையை எடுக்க எடுக்க மறுபடி படிவதைப் போன்றது இது. ஒவ்வொரு முறையும் பால் குறைந்துகொண்டே வரும். மின்கலத்துக்குள் இருக்கும் லித்தியம் ஆலையில் போட்ட அளவுதான், மேலும் ஊற்ற முடியாது. ஒரு சுற்றுக்கு 0.1 விழுக்காடு லித்தியம் இப்படிப் போனால் 1,000 சுற்றுகளுக்குப் பிறகு மிஞ்சுவது ஏறத்தாழ 37 விழுக்காடு. 0.01 விழுக்காடு போனால் 90 மிஞ்சும். 1,000 சுற்றுக்குப் பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவு வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் 10,000 பங்கில் ஏறத்தாழ 2 பங்குக்கு மேல் இழக்கக் கூடாது. இத்தனை சிறிய கணக்கில் ஒரு படலத்தின் விரிசல்கள் எவ்வளவு பெரிய செய்தி என்பது புரியும்.

ஆகவே, இந்தப் படலம் எப்போது முறிகிறது, எதனால் தாங்குகிறது என்ற கேள்வியைச் சுற்றி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்க்கையில் எனக்குப் படுவது ஒன்று: நெடுங்காலம் படலத்தின் கடினத்தை அளந்துவிட்டு, அது எத்தனை நாள் உழைக்கும் என்பதை அறிந்துவிட்டதாக எண்ணியிருக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல, பல இடங்களில் ஒன்றுக்கொன்று எதிரானவை.

பெயர் வைத்த பிறகு

லித்திய உலோகம் கரிமக் கரைப்பான்களில் கரைந்துபோகாமல் நிற்பதற்கு அதன்மேல் படியும் ஒரு மெல்லிய படலமே காரணம் என்பது 1970-களிலேயே தெரிந்திருந்தது. 1979-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் எமானுவேல் பெலெட் அந்தப் படலத்தை ஒரு திட மின்பகுளியாகக் கொண்டு மாதிரி ஒன்றை எழுதினார். இன்று உலகெங்கும் வழங்கும் 'எஸ்.இ.ஐ.' (திட மின்பகுளி இடைமுகம்) என்ற பெயர் அந்தக் கட்டுரையில் பிறந்தது.

கிராஃபைட் இந்தக் கதைக்குள் வந்தது ஒரு தோல்விக்குப் பிறகு. புரோப்பிலீன் கார்பனேட் கரைப்பானில் கிராஃபைட்டுக்குச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் அயனியோடு கரைப்பான் மூலக்கூறுகளும் அடுக்குகளுக்கு இடையில் நுழைந்து கிராஃபைட்டை ஏடு ஏடாக உரித்துவிடும். ஒரே ஒரு மெத்தில் தொகுதி குறைந்த எத்திலீன் கார்பனேட்டில் அப்படி நடப்பதில்லை. அங்கே உருவாகும் படலம் பிடித்து நிற்கிறது. 1990-இல் ஃபாங், ஃபான் சாக்கன், ஜெஃப் டான் மூவரும் கனடாவிலிருந்து வெளியிட்ட கட்டுரை இந்த வேற்றுமையைத் தெளிவாக முன்வைத்தது. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம் அயனி மின்கலத்தில் கிராஃபைட் இல்லை, கோக் வகைக் கரிதான் இருந்தது. எத்திலீன் கார்பனேட் வழக்கத்துக்கு வந்த பின் கிராஃபைட் அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு மெத்தில் தொகுதி ஏன் இவ்வளவு செய்கிறது என்ற வாதம் இன்னும் முடியவில்லை. நம் கேள்விக்கு அதில் ஒரு பாடம் உண்டு: படலம் உருவாவது மட்டும் போதாது, அது எப்படிப்பட்ட இடத்தில், எவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டு உருவாகிறது என்பதே அதன் ஆயுளை முடிவுசெய்கிறது.

1997-இல் பெலெட்டும் அவர் குழுவும் படலத்தை ஒரே சீரான அடுக்காக அல்லாமல், பலவகைத் துணுக்குகள் ஒட்டிப் பதித்த தளம் போலக் காட்டினர். முனையை ஒட்டிய உட்பகுதியில் லித்தியம் ஃபுளோரைடு, லித்தியம் ஆக்சைடு, லித்தியம் கார்பனேட் போன்ற கனிமப் படிகங்கள். மின்பகுளியை நோக்கிய வெளிப்பகுதியில் லித்தியம் ஆல்கைல் கார்பனேட்டுகளும் பாலிமர் போன்ற நீண்ட மூலக்கூறுகளும். கனிமப் பகுதி கடினமானது, நொறுங்கும். கரிமப் பகுதி மென்மையானது, வளையும். வெளிப்பகுதியின் முதன்மைச் சேர்மம் லித்தியம் எத்திலீன் டைகார்பனேட் என்று ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தார்கள். 2019-இல் அது மோனோகார்பனேட் என்று சான்றோடு ஒரு குழு வாதிட்டது. சேர்மத்தின் பெயரே வழக்கில் இருக்கும்போது, அந்தச் சேர்மத்தைக் கணினியில் கட்டி அதன் வலிமையைக் கணக்கிட்டுச் சொல்லும் எண்களை எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும்.

இழுப்பது யார்?

படலம் தானாக முறிவதில்லை. அடியிலுள்ள துகள் அதை இழுக்கிறது. லித்தியம் உள்ளே போகையில் கிராஃபைட்டின் கன அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. அடுக்குகளுக்கு இடையிலான தொலைவு 0.335 நானோமீட்டரிலிருந்து 0.37 நானோமீட்டராக விரிகிறது. சிலிக்கானின் கதை வேறு. எடைக்கு எடை கிராஃபைட்டைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு லித்தியத்தை ஏற்கும் அந்தப் பொருள், முழுதும் நிரம்பும்போது ஏறத்தாழ 300 விழுக்காடு பெருக்கிறது. உருண்டைத் துகள் ஒன்று நான்கு மடங்கு கன அளவுக்குப் போனால் அதன் விட்டம் 59 விழுக்காடு கூடும், மேற்பரப்பு இரண்டரை மடங்காகும். அந்தப் பரப்பை மூடியிருந்த படலம் ஒவ்வொரு சார்ஜிலும் அவ்வளவு நீளவும், இறக்கும்போது அவ்வளவு சுருங்கவும் வேண்டும். லித்தியம் ஃபுளோரைடு போன்ற ஒரு கனிமப் படிகம் ஒரு விழுக்காடு நீள்வதற்குள்ளேயே முறிந்துவிடும் இயல்புடையது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு; என் பார்வையில் இந்தத் துறை முழுவதற்கும் அதுவே திறவுகோல். படலத்தின்மேல் விழுவது இவ்வளவு விசை என்ற நிபந்தனை அல்ல, இவ்வளவு நீட்சி என்ற நிபந்தனை. துகள் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவும் படலம் நீண்டே ஆக வேண்டும். தடித்த துகளுக்கு முன் நானோமீட்டர்ப் படலம் என்ன மறுப்புச் சொல்ல முடியும்? இப்படி நீட்சி திணிக்கப்படும்போது விரிசலை ஓட வைக்கும் ஆற்றல் மூன்றைப் பொறுத்தது: படலத்தின் யங் குணகம் (நீட்சியை எதிர்க்கும் விறைப்பு), திரிபின் (நீட்சி விகிதத்தின்) இருமடி, படலத்தின் தடிப்பு. மூன்றையும் பெருக்கி வருவது, படலம் பிளக்கத் தேவைப்படும் ஆற்றலைத் தாண்டினால் விரிசல் ஓடும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். கணக்குக்காகப் படலத்தின் யங் குணகம் 10 கிகாபாஸ்கல் என்றும், பிளக்கத் தேவையான ஆற்றல் சதுர மீட்டருக்கு 1 ஜூல் என்றும் கொள்வோம்; இரண்டும் நொறுங்கும் பொருள்களுக்குப் பொருந்தும் அளவுகளே. கிராஃபைட்டின் விரிவை எல்லாத் திசைக்கும் பங்கிட்டால் வரும் 3 விழுக்காடு திரிபில், ஏறத்தாழ 110 நானோமீட்டர் தடிப்புவரை படலம் தாங்கும். அதற்கு மேல் தடித்தால் பிளக்கும். திரிபு 10 விழுக்காடானால் அந்த வரம்பு 10 நானோமீட்டராகச் சுருங்கிவிடும். யங் குணகம் மட்டும் 1 கிகாபாஸ்கலாகக் குறைந்தால் வரம்பு பத்து மடங்கு உயரும்.

இந்தச் சிறு கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் வருகின்றன. கடினமான படலம் இந்த வேலைக்கு உகந்ததல்ல. அதே நீட்சியில் அது கூடுதல் ஆற்றலைத் தேக்கி எளிதில் பிளக்கும். அடுத்தது, தடித்த படலம் வலுவான படலம் என்ற நம் இயல்பான எண்ணமும் இங்கே செல்லாது. மின்கலம் சும்மா கிடக்கையிலும் படலம் மெல்ல வளர்கிறது, பெரும்பாலும் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி. அப்படி வளர்ந்து வளர்ந்து வரம்பைத் தாண்டிய படலம், நேற்றுவரை தாங்கிய அதே விரிவில் இன்று பிளக்கும். அலமாரியில் கிடந்து மூப்படைவதையும் ஓடி ஓடித் தேய்வதையும் தனித்தனிக் கணக்காக எழுதும் வழக்கம் எனக்கு இதனால்தான் உடன்பாடில்லை.

திசையும் முக்கியம். துகள் விரிந்த நிலையில் படிந்த படலம், துகள் சுருங்கும்போது அமுக்கப்பட்டு மடிந்து, அடியிலிருந்து கழன்று கொப்புளமாக எழலாம். சுருங்கிய நிலையில் படிந்தது, விரிவில் இழுபட்டுப் பிளக்கும். ஒரே துகளின்மேல் இரண்டு வரலாறும் கொண்ட பகுதிகள் அருகருகே கிடக்கும். 2012-இல் தேஷ்பாண்டே, ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த வெர்ப்ரூக் முதலியோர் எழுதிய மாதிரி, விமான உலோகங்களின் களைப்பு விரிசலுக்குப் பயன்படும் பாரிஸ் விதியைக் கிராஃபைட் துகளின் மேற்பரப்பு விரிசலுக்குப் பொருத்தியது. ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் சிறிது நீள்கிறது, புதிதாகத் திறந்த பரப்பில் படலம் படிகிறது, அதனால் லித்தியம் குறைகிறது என்ற சங்கிலியை அது எண்களில் கோத்தது. வேதியியலும் இயந்திரவியலும் ஒரே சமன்பாட்டுக்குள் வந்த நல்ல முயற்சி அது.

கடினம் என்ற இலட்சியம் எங்கிருந்து வந்தது

இத்தனைக்கும் பிறகும் 'யங் குணகம் உயர்ந்த படலம்' என்பது ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களில் பாராட்டாகவே வருகிறது. அது லித்திய உலோக மின்கல ஆய்விலிருந்து வந்த இரவல். லித்தியத்தை உலோகமாகவே எதிர்முனையில் படியவைத்தால் அது முள்முள்ளாக முளைத்து மறுமுனையைத் தொட்டுக் குறுக்குச்சுற்றை உண்டாக்கும். 2005-இல் சார்ல்ஸ் மன்றோவும் ஜான் நியூமனும் ஒரு கணக்கைப் போட்டனர்: முனைக்கு எதிரே நிற்கும் திடப்பொருளின் விறைப்புக் குணகம் (பக்கவாட்டுச் சறுக்கலை எதிர்க்கும் அளவு) லித்தியத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தால் முளை எழாமல் அமுங்கும். லித்தியத்தின் விறைப்புக் குணகம் 3 முதல் 4 கிகாபாஸ்கல். எனவே 7 கிகாபாஸ்கலை ஒட்டிய ஒன்று போதும் என்ற நம்பிக்கை பிறந்தது.

நடந்தது வேறு. ஏறத்தாழ 60 கிகாபாஸ்கல் விறைப்புக் குணகமுள்ள லித்தியம் லாந்தனம் சிர்க்கோனியம் ஆக்சைடு பீங்கானையும் லித்தியம் துளைத்துக்கொண்டு போகிறது. அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய குறைகளில் புகுந்து, அழுத்தம் ஏறி, பீங்கானைப் பிளந்து செல்கிறது. லித்தியமோ மிக மென்மையான உலோகம். பெருந்துண்டாக அது 1 மெகாபாஸ்கலுக்கும் குறைந்த தகைவிலேயே நெகிழ்கிறது. ஆனால் ஜூலியா கிரீரின் குழு 2017-இல் 1 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள லித்தியத் தூண்களை அமுக்கிப் பார்த்தபோது அறை வெப்பநிலையில் நெகிழ்வுத் தகைவு 105 மெகாபாஸ்கல் என்று வந்தது. நூறு மடங்குக்கும் மேல். அளவு சிறுத்தால் பொருளின் குணமே மாறுகிறது. மன்றோ–நியூமன் கணக்கில் பிழை என்று இதற்குப் பொருளல்ல. குறையற்ற, பிளவாத தடுப்பை வைத்து அவர்கள் போட்ட கணக்கைப் பிளக்கக்கூடிய, ஓட்டைகளுள்ள படலத்துக்கு நாம் நீட்டியதே பிழை. எங்கும் பொருள் பிளப்பைத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி, எவ்வளவு விறைப்பு என்பது அடுத்தது.

அளப்பதன் கடினம்

யங் குணகத்தையே எல்லோரும் எழுதுவதற்கு ஒரு நேர்மையான காரணம் உண்டு: அதை அளக்கக் கருவி இருக்கிறது. அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையைப் படலத்தில் அழுத்தி, விசைக்கும் பள்ளத்துக்கும் உள்ள உறவிலிருந்து குணகத்தைப் பெறலாம். படலத்தில் பல அடுக்குகள் இருந்தால் விசைக் கோட்டில் பல படிகள் தெரியும். ஆனால் இப்படிப் பெற்ற எண்கள் சில பத்து மெகாபாஸ்கலிலிருந்து பத்துக் கிகாபாஸ்கலுக்கு மேல்வரை சிதறிக் கிடக்கின்றன. ஒரே முனையின் பக்கத்துப் பக்கத்து இடங்களிலேயே வேறுபாடு பெரிது. அதிலும், அழுத்திப் பார்ப்பது படலத்தை அமுக்குகிறதே தவிர இழுப்பதில்லை. மின்கலத்தில் அதைக் கொல்வது இழுப்பு.

இழுப்பை அளக்க முயன்றவர்களின் கைவேலை வியக்க வைக்கிறது. 1909-இல் ஸ்டோனி, மின்முலாம் பூசிய எஃகுத் தகடு வளைவதைக் கொண்டு பூச்சின் தகைவைக் கணக்கிட ஒரு வாய்பாட்டைத் தந்தார். நூறு ஆண்டு கழித்து பிரௌன் பல்கலைக்கழகத்தில் அதே வாய்பாட்டை மின்கலத்துக்குக் கொண்டுவந்தார்கள். மெல்லிய தட்டின்மேல் சிலிக்கானையோ கிராஃபைட்டையோ படியவைத்து, சார்ஜ் ஏறும்போது தட்டு வளைவதைப் பல லேசர்க் கதிர்களால் படித்தார்கள். 2010-இல் சேதுராமன், குதுரு முதலியோர் சிலிக்கான் படலத்தில் சார்ஜ் ஏறும்போது 1.75 கிகாபாஸ்கல்வரை அமுக்கத் தகைவு எழுவதையும், அந்த எல்லைக்குப் பின் சிலிக்கான் நிலையாக நெகிழ்ந்து ஓடுவதையும் கண்டார்கள். 2012-இல் அமர்த்திய முகோபாத்யாய் (இன்று மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர்), பிரையன் ஷெல்டன் முதலியோர் இதே முறையைக் கிராஃபைட்டின் மேற்பரப்புக்குப் பயன்படுத்தி, முதல் சுற்றில் மேற்பரப்பு வினைகளால் எழும் அமுக்கத் தகைவு திரும்ப இறங்காமல் தங்கிவிடுவதைக் காட்டினார்கள். அதாவது படலம் உருவாகும்போதே ஒரு தகைவைச் சுமந்துகொண்டு பிறக்கிறது. கணக்குப் போடும் பலரும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள்.

பிரௌனைச் சேர்ந்த ஷெல்டனும் ஜெனரல் மோட்டார்ஸின் ஷிங்செங் ஷியாவும் பின்னர் சிலிக்கானைச் சிறு தீவுகளாகப் பதித்து ஒரு சோதனை செய்தார்கள். 2016-இல் வெளியான அந்த வேலை எனக்குப் பிடித்தமானது. தீவின் நடுப்பகுதியை அடித்தட்டு இறுகப் பிடித்திருக்கிறது, அங்கே பக்கவாட்டில் நீட்சி இல்லை. விளிம்போ வழுக்கி நகரக்கூடியது. ஆகவே ஒரே தீவில், ஒரே வேதியியலில், நடுவில் இழுபடாத படலமும் விளிம்பில் இழுபட்ட படலமும் கிடைக்கின்றன. மின்பகுளிக்குள்ளேயே அணுவிசை நுண்ணோக்கியை வைத்துப் பார்த்தபோது, சார்ஜ் ஏறும் வேளையில் விளிம்புப் பகுதியில் விரிசல்கள் திறப்பது கண்ணுக்குத் தெரிந்தது. வேதியியல் காரணமா, இயந்திரக் காரணமா என்று வாதாடிக்கொண்டிருந்த கேள்வியை இப்படி ஓர் அமைப்பினாலேயே பிரித்துக் காட்டுவதுதான் நல்ல சோதனை.

இன்சுன் யூன், குதுரு, பிரெட் லுச்ட் முதலியோர் இன்னொரு வழியில் போனார்கள். நெகிழும் சவ்வின்மேல் லித்தியத்தையும் அதன்மேல் காப்புப் படலத்தையும் வைத்து, அடியிலிருந்து அழுத்தம் கொடுத்துச் சவ்வைப் புடைக்கச் செய்து, எவ்வளவு புடைக்கையில் படலம் பிளக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். குணகத்தோடு முறிவுத் திரிபும் கிடைக்கும் அரிய சோதனை அது. இத்தகைய வேலைகள் பத்துக்கு ஒன்றுகூட இல்லை என்பதே என் வருத்தம். ஊசியால் குத்திப் பார்த்த எண்களோ கட்டுரைக்குக் கட்டுரை குவிகின்றன.

இதற்கெல்லாம் மேல் ஈரம் என்ற சிக்கல். பெரும்பாலான நுண்ணோக்கிகளுக்கு வெற்றிடம் தேவை. மின்கலத்தைப் பிரித்து, கழுவி, உலர்த்தித்தான் படலத்தைப் பார்க்கிறார்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டின் யீ சுய் குழு, உயிரியலிலிருந்து கடன் வாங்கிய உறைநிலை மின்னணு நுண்ணோக்கியால் லித்தியத்தையும் அதன் படலத்தையும் அணு அளவில் படம் பிடித்தது. 2022-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, மின்பகுளியோடு சேர்த்தே உறையவைத்துப் பார்த்தது. உலர்ந்தபோது ஏறத்தாழ 10 நானோமீட்டர் இருந்த படலம், மின்பகுளியில் ஊறிய நிலையில் ஏறத்தாழ 20 நானோமீட்டர் இருந்தது. படலம் மின்பகுளியைக் குடித்து வீங்குகிறது; ஊறியது உலர்ந்ததைவிட மென்மையாகவும் இருக்கிறது. எவ்வளவு அதிகம் வீங்குகிறதோ அவ்வளவு மோசமாக மின்கலம் நடந்துகொண்டது. உலர்ந்த படலத்தில் எடுத்த பழைய எண்களை இனி எந்த முகத்தோடு மாதிரிகளுக்குள் போடுவது?

தப்பிக்கும் வழிகள்

படலத்தை வலுவாக்குவதைவிட அதை இழுக்காமல் விடுவது மேல் என்று எண்ணியவர்கள் பெரிய வெற்றி கண்டார்கள். சிலிக்கான் துகள் ஏறத்தாழ 150 நானோமீட்டருக்குக் கீழ் இருந்தால் முதல் சார்ஜில் அதுவே பிளவதில்லை என்று 2012-இல் தெரிந்தது. அதே ஆண்டு சுய் குழுவின் சிலிக்கான் நானோகுழாய்: உள்ளே சிலிக்கான், வெளியே அதை இறுகக் கட்டிய சிலிக்கான் ஆக்சைடு உறை. லித்தியம் உறையைக் கடந்து போகும். சிலிக்கான் வெளியே பெருக்க இடமில்லாமல் உள்ளே வெற்றிடத்தை நோக்கிப் பெருக்கும். வெளிப்பரப்பு அசையாது, அதன்மேலுள்ள காப்புப் படலமும் அசையாது. 6,000 சுற்றுகளுக்கு மேல் ஓடி, 85 விழுக்காட்டுக்கும் கூடுதலான கொள்ளளவை அது தக்கவைத்தது. 2014-இல் வந்த மாதுளை வடிவத் துகள் இந்த எண்ணத்தின் வளர்ச்சி: வெற்றிடத்தோடு கூடிய பல முத்துகளைக் கரி உறையில் கட்டி, மின்பகுளிக்குத் தெரியும் பரப்பைக் குறைத்தது, 1,000 சுற்றுக்குப் பின் 97 விழுக்காடு. அழகான வடிவமைப்புகள். ஆனால் உள்ளே வெற்றிடம் விட்டால் ஒரு கன சென்டிமீட்டரில் அடங்கும் ஆற்றல் குறையும். இத்தகைய துகளைத் தொன்கணக்கில் மலிவாகச் செய்வதும் எளிதல்ல. ஆலைகள் தேர்ந்த வழி எளிமையானது: கிராஃபைட்டில் சில விழுக்காடு சிலிக்கானையோ அதன் ஆக்சைடையோ கலப்பது, மின்னழுத்த வரம்பைக் குறுக்கி முழு விரிவை அனுமதிக்காமல் விடுவது.

வேதியியலார் போன வழி சேர்க்கைப் பொருள்கள். வினைலீன் கார்பனேட், ஃபுளூரோஎத்திலீன் கார்பனேட் இரண்டையும் சில விழுக்காடு சேர்த்தால் மற்றக் கரைப்பான்களுக்கு முன்பே அவை சிதைந்து, பாலிமர் நிறைந்த, நெகிழும் படலத்தைத் தருகின்றன. சிலிக்கானுக்கு ஃபுளூரோஎத்திலீன் கார்பனேட் இன்றியமையாததாகிவிட்டது. அது தரும் லித்தியம் ஃபுளோரைடுக்குத்தான் பலர் பெருமை சேர்க்கிறார்கள். கூடவே வரும் பாலிமரே நீட்சியைச் சுமக்கிறது என்று நான் கருதுகிறேன். மியூனிக்கில் கஸ்டைகரின் குழு 2016-இல் காட்டியது இந்த வாதத்துக்கு முக்கியமானது: சுற்றுக்குச் சுற்று இந்தச் சேர்க்கை செலவாகிக்கொண்டே வருகிறது, அது தீர்ந்த இடத்தில் மின்கலத்தின் கொள்ளளவு சட்டென்று சரிகிறது. அதுவரை நாம் 'உறுதியான படலம்' என்று பார்த்துக்கொண்டிருந்தது, உண்மையில் ஓயாமல் பிளந்து ஓயாமல் பூசப்பட்ட ஒன்று. ஆகவே, 200 சுற்றுவரை நேர்கோடாகப் போகும் வரைபடத்தைக் காட்டி உறுதியை நிறுவும் கட்டுரைகளில், மின்பகுளி எவ்வளவு ஊற்றப்பட்டது என்ற எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். ஆய்வகத்தின் நாணய வடிவ மின்கலங்களில் மின்பகுளி தாராளமாக இருக்கும்; ஆலை மின்கலத்தில் அது கணக்காக இருக்கும்.

லித்தியம் ஃபுளோரைடுக்கு ஆதரவான வலுவான வாதம் மேரிலாண்டின் சுன்ஷெங் வாங் குழுவிடமிருந்து 2020-இல் வந்தது. அதில் கடினத்தைவிட முக்கியமாக ஒட்டாமை பேசுகிறது. லித்தியம் ஃபுளோரைடு, லித்தியம் ஏறிய சிலிக்கானோடு இறுகப் பிணைவதில்லை. படலம் ஒட்டிக்கொள்ளாவிட்டால் துகள் அடியில் நெகிழ்ந்து உருமாறுகையில் படலத்தைக் கூடவே இழுத்துக் கிழிக்காது. ஈதர் வகைக் கரைப்பான்களில் அமைத்த அவர்களது மின்பகுளி, மைக்ரோமீட்டர் அளவுள்ள சிலிக்கான் துகளையே ஓட்டிக் காட்டியது. 2021-இல் ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னொரு அளவுகோலை முன்வைத்தது: குணகம், மீள் திரிபின் எல்லை இரண்டையும் சேர்த்து, முறியாமல் படலம் தேக்கக்கூடிய மீள் ஆற்றல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். குணகத்தைத் தனித்துப் பேசும் பழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்.

செயற்கைப் பூச்சுகளில் ஒன்று என் வாதத்தையே சோதிக்கிறது. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த லிப்பான் என்ற கண்ணாடிப் பொருளின் யங் குணகம் ஏறத்தாழ 77 கிகாபாஸ்கல், அதாவது நல்ல கடினம். அதைத் திட மின்பகுளியாகக் கொண்ட மெல்லிய படல மின்கலம் லித்திய உலோகத்தோடு 10,000 சுற்றுகள் ஓடி, 90 விழுக்காட்டைத் தக்கவைத்திருக்கிறது. பின்னர் நெருங்கிப் பார்த்தபோது லிப்பான் அமுக்கத்தில் விரிசல் விடாமல் நெகிழ்ந்து, தேங்கிய தகைவைக் கரைத்துவிடுவது தெரிந்தது. கடினமும் நெகிழ்வும் ஒரே பொருளில் சேர முடியும். எம்.ஐ.டி.யின் ஜு லீ குழு 2018-இல், இரண்டு மூன்று நானோமீட்டர் தடிப்புள்ள அலுமினியம் ஆக்சைடு அறை வெப்பநிலையில் திரவம்போல் நீண்டு தன்னையே அடைத்துக்கொள்வதை நுண்ணோக்கிக்குள் படம் பிடித்தது. தடிப்பு குறைந்தால் பீங்கானும் பீங்கானாக நடந்துகொள்வதில்லை.

குற்றம் முழுவதும் படலத்துடையதா

லித்திய உலோகத்தில் இழப்பு முழுவதையும் காப்புப் படலத்தின் கணக்கில் எழுதும் வழக்கம் இருந்தது. 2019-இல் சான் டியேகோவில் ஷெர்லி மெங் குழு, செயலிழந்த லித்தியத்தில் உலோகமாக இருப்பது எவ்வளவு, படலத்துக்குள் சேர்மமாக இருப்பது எவ்வளவு என்று பிரித்து அளந்தது. செயல்திறன் குறைந்த மின்கலங்களில் பெரும்பங்கு, மின் தொடர்பு அறுந்து அநாதையாக நிற்கும் உலோகத் துணுக்குகள்தான். அவற்றைத் துண்டிப்பதில் படலத்துக்குப் பங்குண்டு. ஆனால் படலம் குடித்த லித்தியம் என்று அதைக் கணக்கு எழுத முடியாது. நேர்முனையிலிருந்து கரைந்துவரும் மாங்கனீசு எதிர்முனைப் படலத்தைக் கெடுப்பது தனிக்கதை. இயந்திர வலிமை எவ்வளவு இருந்தாலும் அதற்கு மருந்தாகாது.

சிலிக்கானில் இப்போது பெரிய தலைவலி, சும்மா வைத்திருந்தாலே கெடுவது. ஆயிரம் சுற்று ஓடும் மின்கலம் ஓடாமல் அலமாரியில் மூப்படைகிறது என்றால், விரிசலைச் சுற்றியே கட்டிய நம் விளக்கம் முழுமையல்ல. படலத்தின் சில பகுதிகள் மின்பகுளியில் மெல்லக் கரைந்து மறுபடி படிகின்றன. வெப்பம் கூடினால் இதெல்லாம் விரைவு. 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பின் படலமே சிதைந்து வெப்பத்தை வெளிவிடத் தொடங்கும். மின்கலம் தீப்பிடிக்கும் தொடர்வினையில் முதல் படிகளில் ஒன்று அது. அந்த எல்லைக்கு வெகு கீழே, சித்திரை வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் பேட்டரி எட்டும் 45, 50 டிகிரியில் படலத்தின் வளர்ச்சியும் கரைவும் அறை வெப்பநிலையைவிடப் பல மடங்கு விரைவாக நடக்கும். தடிப்பு வரம்பைப் பற்றி மேலே போட்ட கணக்கை இதோடு சேர்த்துப் படித்தால், நம் ஊரில் ஓடும் மின்கலத்தின் படலம் வரம்பை முன்கூட்டியே எட்டும். முறிவுத் திரிபை 25 டிகிரியில் மட்டும் அளந்து நிறுத்துவது வெப்ப நாடுகளுக்குப் போதாது.

கடைசியாக, படலத்தின் பிறப்பைப் பற்றி. முதல் சார்ஜை மிக மெதுவாக ஏற்றினால்தான் படலம் சீராகப் படியும் என்பது ஆலைகளின் நெடுநாள் நம்பிக்கை. அதற்காகவே பல மணி நேரம் செலவாகிறது, மின்கல ஆலையில் இடமும் முதலீடும் அதிகம் விழுங்கும் கட்டங்களில் அதுவும் ஒன்று. 2024-இல் ஸ்டான்ஃபோர்டும் அதனோடு சேர்ந்த ஆய்வகங்களும் ஏராளமான மின்கலங்களை வெவ்வேறு முறையில் பிறக்கவைத்து ஒப்பிட்டன. ஏறத்தாழ 10 மணி நேரத்துக்குப் பதிலாக 20 நிமிடத்தில், உயர் மின்னோட்டத்தில் முதல் சார்ஜ் ஏற்றியவை சராசரியாக 50 விழுக்காடு கூடுதல் ஆயுள் பெற்றன. முதல் சார்ஜில் அவை இழந்த லித்தியமோ வழக்கமான 9 விழுக்காட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 30 விழுக்காடு. அவர்கள் தரும் விளக்கம் படலத்தின் தரத்தைவிட நேர்முனையைச் சார்ந்தது: தொடக்கத்தில் கூடுதலாகப் போன லித்தியம் நேர்முனையில் இடத்தைக் காலியாக்கி, அது பின்னர் வேலை செய்யும் வரம்பை மாற்றிவிடுகிறது. அப்படியானால் எந்த வேகத்தில் பிறந்த படலம் எவ்வளவு திரிபில் பிளக்கிறது என்ற கேள்வி இன்னும் தனியாக நிற்கிறது. அந்த மின்கலங்களைத் திறந்து, ஊறிய நிலையிலேயே படலத்தை எடுத்து, புடைப்புச் சோதனையில் வைத்தால் அதற்கு விடை கிடைக்கும்.